காதும் கண்ணும் சேர்ந்து படிக்கட்டும்: வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கைப்பேசி தரும் துணை



நம் மஹல்லாவில் உம்மாமார்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. "பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுறான். கடைக் கணக்கை மனசுலேயே போடுறான். புத்தகத்தத் தொறந்தா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குறான்."

பிள்ளை ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிப்பான். அறிவியல் பாடத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொன்னால், எழுத்தைக் கூட்டிக் கூட்டி மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவான். சில பிள்ளைகள் வாசிப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். நாளடைவில் வீட்டிலும் பள்ளியிலும் 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. பையன் என்றால் பத்தாம் வகுப்போடு ஏதாவது ஒரு கடையில் சேர்க்கப்படுகிறான். பெண் பிள்ளை என்றால் வீட்டோடு நின்றுவிடுகிறாள்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வாசிக்கத் திணறும் பிள்ளை எல்லாம் படிக்க முடியாத பிள்ளை அல்ல. வாசிப்புப் பழகும்வரை பாடத்தை நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் வசதி இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று தெரிந்துகொண்டால் பாதி வழி கடந்த மாதிரி.

வாசிப்பது வேறு, விளங்குவது வேறு

1986ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிமையான ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு பிள்ளை ஒரு பத்தியைப் படித்து அதன் பொருளை அறிய இரண்டு திறமைகள் வேண்டும். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறமை. மற்றொன்று, சொல்லப்பட்டதைக் கேட்டால் விளங்கிக்கொள்ளும் திறமை. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தானே. விளங்கும் திறமை எவ்வளவு இருந்தாலும், எழுத்து ஒலியாகாவிட்டால் பிள்ளையின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆசிரியர் வாயால் சொன்னால் புரிகிறது, புத்தகத்தில் இருந்தால் புரியவில்லை என்ற பிள்ளைக்குக் குறை முதல் திறமையில்தான். ஆனால் தேர்வில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து அவனுக்கு இரண்டுமே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிப்பது பெரியவர்களுக்கு எளிதாகத் தோன்றும். சிறுபிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். மொத்தம் 247 எழுத்துகள். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கொம்பும் சங்கிலிக் கொம்பும் இடது பக்கம் முதலில் நிற்கின்றன, ஒலி மட்டும் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் இருப்பது அதே ககரம், ஆனால் வாயில் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு மேல், வீட்டில் 'வந்துக்கிட்டு இருக்கான்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்ற நீண்ட சொல்லைப் பார்க்கிறான். அது தனக்குத் தெரிந்த அதே சொல்தான் என்று அவனுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அப்படி வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருந்தால் நல்லது. வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், உம்மாவுக்குத் தமிழ் எழுத்து சரளமில்லை, அக்காவுக்கு அவள் பாடமே சுமை என்றால் அந்த வேலையை யார் செய்வது? அங்கேதான் இந்த மென்பொருள் வருகிறது.

எழுத்தைக் குரலாக்குவது எப்படி?

அச்சிட்ட எழுத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்கும் இயந்திரத்தை அமெரிக்கரான ரே கர்ஸ்வைல் 1976இல் வெளியிட்டார். பார்வையற்றோருக்காகச் செய்யப்பட்ட அது மேசையை அடைத்துக்கொள்ளும் அளவு பெரியது, விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இன்று அதே வேலையைக் கைப்பேசி செய்கிறது.

கைப்பேசி செய்வது மூன்று வேலைகள். முதலில் திரையில் உள்ள எழுத்துகளை இனம் காண்கிறது. அடுத்து எண்கள், சுருக்கங்கள், குறிகள் ஆகியவற்றைச் சொல்லாக மாற்றுகிறது. கடைசியாக ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஒலியைச் சேர்த்துக் குரலாக வெளியிடுகிறது. பொருள் விளங்கி அது வாசிப்பதில்லை. ஆகவே தவறும் செய்யும். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து 'பழம்' என்பதில் ஒரு விதமாகவும் 'பஸ்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கும். இயந்திரம் சில சமயம் இடம் மாற்றி ஒலிக்கும். நம் பிள்ளைகளின் அரபுப் பெயர்களை அது உச்சரிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். கணிதத்தில் பின்னங்களையும் அறிவியலில் வாய்பாடுகளையும் அது சரியாகச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். அவற்றைப் பெரியவர்தான் சொல்லித் தர வேண்டும்.

கைப்பேசியில் அமைப்பது

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸைத் திறந்து 'ஆக்சசிபிலிட்டி' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அதில 'செலக்ட் டு ஸ்பீக்' என்ற வசதி இருக்கும். சில கைப்பேசிகளில் அது இல்லையென்றால் பிளே ஸ்டோரில் 'ஆண்ட்ராய்டு ஆக்சசிபிலிட்டி சூட்' என்பதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை இயக்கியதும் திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறி தோன்றும். அந்தக் குறியைத் தொட்டு, பிறகு வாசிக்க வேண்டிய பத்தியைத் தொட்டால் கைப்பேசி வாசிக்கத் தொடங்கும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அடுத்து செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடித் தமிழ்க் குரலை இறக்கி வையுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் அது வாசிக்கும். ஆங்கிலப் பாடத்துக்கு 'இங்கிலீஷ் இந்தியா' என்ற குரலைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளையின் காதுக்குப் பழகிய உச்சரிப்பு கிடைக்கும்.

ஐபோனிலும் ஆக்சசிபிலிட்டி பகுதியில் திரையை வாசிக்கும் வசதி உண்டு. அதை இயக்கிய பிறகு இரண்டு விரல்களால் திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வாசிக்கத் தொடங்கும்.

கணினி இருக்கும் வீடுகளில் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் 'ரீட் அலவுட்' என்பதை அழுத்திப் பாருங்கள். பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் இரண்டு தமிழ்க் குரல்கள் அதில் உள்ளன. வாசிக்கும்போதே அந்தந்தச் சொல்லுக்கு நிறமிட்டும் காட்டும். அதே நிறுவனத்தின் 'இம்மர்சிவ் ரீடர்' எழுத்தைப் பெரிதாக்கி, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஒரு வரியையோ மூன்று வரிகளையோ மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்தாலே மிரளும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

பாடநூல் வாசிக்க மறுத்தால்

தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தமிழ் பி.டி.எஃப் கோப்புகளை வாசிக்கச் சொன்னால் சில நேரம் கைப்பேசி புரியாத ஆங்கில எழுத்துகளை உளறும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

காரணம் எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோட் என்ற பொது முறை பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்களில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகப் பதிந்திருக்கும். அச்சு வேலைகளில் இன்றும் அவை புழங்குகின்றன. நாம் பார்ப்பது வடிவத்தை, இயந்திரம் பார்ப்பது உள்ளே இருக்கும் எழுத்தை.

இதற்கு எளிய வழி உண்டு. அச்சிட்ட புத்தகத்தையே கூகுள் லென்ஸ் கேமராவால் படம் பிடியுங்கள். அது படத்தில் உள்ள தமிழ் எழுத்தை இனம் கண்டு தரும். அதைத் தேர்ந்தெடுத்து 'லிசன்' என்பதைத் தொட்டால் வாசிக்கும். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தை நேராக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பத்தியை மட்டும் எடுத்தால் பிழை குறையும். பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர் குறியீடுகளையும் மறக்க வேண்டாம். அரசின் 'தீக்ஷா' செயலியால் அவற்றைப் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சிகளும் திறக்கும்.

இருபது நிமிடம் இப்படி உட்காருங்கள்

கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து 'கேட்டுக்க' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால் பலன் இல்லை. பின்வரும் முறையில் ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும்.

முதல் முறை, பிள்ளை வெறுமனே கேட்கட்டும். புத்தகம் திறந்து இருக்கட்டும், வாசிக்கச் சொல்ல வேண்டாம். என்ன விஷயம் என்று காது அறிந்துகொள்ளட்டும்.

இரண்டாம் முறை, வேகத்தைக் குறைத்து வையுங்கள். அச்சிட்ட புத்தகத்தில் பிள்ளையின் விரல் குரலோடு கூடவே ஒவ்வொரு சொல்லாக நகர வேண்டும். விரல் நின்றுவிட்டால் குரலையும் நிறுத்துங்கள். மொத்த முறையிலும் முக்கியமான படி இதுதான். விரல் ஓடாவிட்டால் அது கதை கேட்பதோடு முடிந்துவிடும், வாசிப்புப் பழகாது.

மூன்றாவதாக, குரலை நிறுத்திவிட்டு "என்ன சொல்லுச்சு?" என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சிலேயே பதில் சொல்லட்டும். ஒளிச்சேர்க்கைப் பாடம் என்றால், 'எல பச்சையா இருக்குல்ல, அது வெயில வச்சு தனக்குச் சாப்பாடு பண்ணிக்குது' என்று சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. புத்தகச் சொல் பிறகு வரும்.

நான்காவதாக, அந்தப் பத்தியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் குரல் துணை இல்லாமல் பிள்ளையே வாசிக்கட்டும். இரண்டு முறை காதால் கேட்டதால் தடுமாற்றம் குறைந்திருக்கும். தடுமாறினாலும் முகம் சுளிக்காதீர்கள்.

கடைசியாக, கடினமாக இருந்த மூன்று நான்கு சொற்களை நோட்டில் எழுதி, அசை அசையாகப் பிரித்துக் காட்டுங்கள். மறுநாள் பாடத்தைத் தொடங்கும் முன் அந்தச் சொற்களை ஒருமுறை பார்க்கட்டும்.

மக்தபில் நாம் பார்த்த முறைதான்

இது புதிதாக வந்த வெளிநாட்டு முறை என்று யாரும் தயங்க வேண்டாம். மக்தபில் உஸ்தாத் ஓதிக் காட்ட, பிள்ளை எழுத்தின் மேல் விரலை வைத்துத் திருப்பி ஓதுகிறது. கண், காது, நாக்கு, விரல் நான்கும் ஒரே எழுத்தில் கூடுகின்றன. வீட்டில் பேசாத ஒரு மொழியின் எழுத்தை ஏழு எட்டு வயதிலேயே நம் பிள்ளைகள் ஓதப் பழகுவது இந்த முறையால்தான். பள்ளிப் பாடத்துக்கும் அதே வழியைக் கொண்டு வருகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குர்ஆன் ஓதுவதற்கு இந்த இயந்திரக் குரலைப் பயன்படுத்தக் கூடாது. எழுத்து பிறக்கும் இடம், நீட்ட வேண்டிய அளவு, நிறுத்த வேண்டிய இடம் ஆகிய தஜ்வீது முறைகளை அது பேணாது. ஓதுதலுக்குத் தேர்ந்த காரிகளின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டே அவற்றைக் கேட்கலாம். பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் திருத்த உஸ்தாத் வேண்டும். அந்த இடத்தை எந்தக் கருவியும் நிரப்பாது.

பிள்ளை வாசிப்பதைக் கேட்கும் செயலிகள்

இதுவரை சொன்னது கைப்பேசி வாசிக்க, பிள்ளை கேட்பது. இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. பிள்ளை கதையை வாய்விட்டு வாசிக்கும், செயலி கேட்டுக்கொண்டிருந்து தவறிய சொல்லை எடுத்துக் காட்டும். கூகுள் நிறுவனம் 2019இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் இத்தகைய செயலியை வெளியிட்டது. அதற்கு முன் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 200 கிராமங்களில் சோதித்ததில், மூன்று மாதங்களில் 64 சதவீதப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியதாக அந்நிறுவனம் அறிவித்தது. பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாறித் தமிழிலும் வந்தது. நிறுவனமே தன் பொருளைப் பற்றிச் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த வகைச் செயலி நல்ல துணை. வகுப்பில் நாற்பது பேர் முன் தப்பாக வாசித்துச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை, கைப்பேசியிடம் பத்து முறை தப்பு விட்டாலும் அது சிரிக்காது.

செயலிகள் வரும், போகும், பெயர் மாறும். பெயரைத் தேடி அலைய வேண்டாம். தமிழில் வாசிக்கிறதா, வாசிக்கும் சொல்லைக் காட்டுகிறதா, வேகத்தைக் குறைக்க முடிகிறதா, விளம்பரம் இல்லாமல் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலைக்கு ஏற்ப அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலைக் கதையை எடுத்தால் கேலி செய்யாதீர்கள். படி ஏறுபவர் முதல் படியில்தானே கால் வைக்க முடியும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

வாசிப்புக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு எழுத்தை வாசித்துத் தரும் கருவிகள் எவ்வளவு உதவுகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பாடத்தைப் புரிந்துகொள்வதில் இவை ஓரளவு உதவுகின்றன என்பது அதன் முடிவு. மந்திரம் போட்டது போன்ற மாற்றம் என்று யாரும் சொல்லவில்லை. புரிந்துகொள்ள உதவுவதும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே இரண்டு நேரங்களைப் பிரித்து வையுங்கள். ஒன்று பாட நேரம். அதில் குரல் தாராளமாக உதவட்டும். வரலாறும் அறிவியலும் பின்தங்காமல் ஓடட்டும். மற்றொன்று வாசிப்பு நேரம். தினமும் பதினைந்து நிமிடம், குரலே இல்லாமல், பிள்ளையின் நிலைக்கு ஏற்ற எளிய பக்கத்தை எழுத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டும். பாட நேரம் மட்டும் இருந்தால் பிள்ளை காலமெல்லாம் கருவியையே சார்ந்திருக்கும். வாசிப்பு நேரம் மட்டும் இருந்தால், எழுத்துப் பழகி முடிப்பதற்குள் பாடங்கள் எட்டாத தூரம் போய்விடும். காலில் அடிபட்டவர் ஊன்றுகோலும் வைத்துக்கொள்கிறார், தினமும் நடைப்பயிற்சியும் செய்கிறார். இரண்டும் வேண்டும்.

உம்மாவும் மாணவியாகலாம்

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், 'எனக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. மேலே சொன்ன ஐந்து படிகளில் 'என்ன சொல்லுச்சு?' என்று கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. கைப்பேசி வாசிப்பதை நீங்களும் கூட இருந்து கேளுங்கள். பிள்ளை சொல்வது சரியா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை, மருந்துச் சீட்டோடு வரும் குறிப்பு, உதவித்தொகை அறிவிப்பு எல்லாவற்றையும் இதே வசதியால் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டு போய் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் உருது பேசுபவர்களுக்கு உருதுக் குரலும் உண்டு.

குறை ஆழமானது என்று தோன்றினால்

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு பழக்கினாலும் எழுத்துகள் குழம்பும். நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரியும். எழுதும்போது எழுத்துகள் விடுபடும், இடம் மாறும். முதலில் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்யுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது அறிவுக் குறைவு அல்ல, வளர்ப்பின் குற்றமும் அல்ல. யாருடைய கண்ணேறும் இல்லை. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. தாயத்தும் அடியும் இதைத் தீர்க்காது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு முதலில் பள்ளித் தலைமையாசிரியரிடமும், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடமும் பேசுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடினால் காகிதங்கள் நகராது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும் இத்துறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த வசதிகள் போதாது. அவர்களுக்கென்று ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', கணினியில் 'என்.வி.டி.ஏ' என்ற திரைவாசிப்பான்கள் உள்ளன. இரண்டும் இலவசம்.

பெற்றோர் கேட்கும் சில கேள்விகள்

'இது ஏமாற்று வேலை இல்லையா?' மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது ஏமாற்றா? பாடத்தை விளங்கிக்கொள்வது பிள்ளைதான். கருவி வழி மட்டும் காட்டுகிறது. ஆனால் வீட்டுப் பாடத்துக்கு விடையையே கைப்பேசியிடம் கேட்டு எழுதுவது வேறு விஷயம். அதை அனுமதிக்காதீர்கள்.

'கேட்டே பழகினால் சோம்பேறியாகிவிட மாட்டானா?' விரலும் கண்ணும் வரியில் இருந்தால் ஆகமாட்டான். வாசிப்பு நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

'கைப்பேசியைக் கொடுத்தால் விளையாட்டில் போய்விடுகிறானே?' நியாயமான கவலை. பாட நேரத்தில் இணையத்தை அணைத்து வையுங்கள். இறக்கி வைத்த குரல் அப்போதும் வாசிக்கும். லென்ஸால் படம் எடுக்க வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். கைப்பேசி பெரியவர் கையிலோ மேசையிலோ இருக்கட்டும். இயர்போன் வேண்டாம். ஒலிபெருக்கியில் கேட்டால் காதுக்கும் நல்லது, பிள்ளை என்ன கேட்கிறான் என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளையின் குரலைப் பதிவு செய்யும் செயலிகளில் முழுப் பெயர், பள்ளி, வயது போன்ற விவரங்களைக் கொடுக்காதீர்கள். காசு கேட்டால் எங்களிடம் காட்டாமல் கட்டாதீர்கள். இங்கே நாங்கள் சொன்ன வசதிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

நாம் சேர்ந்து செய்யலாம்

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளைக் கூடத்துக்குக் கைப்பேசியோடும், பிள்ளை படிக்கும் ஒரு பாடநூலோடும் வாருங்கள். தமிழ்க் குரலை இறக்கி, அமைத்துக் கொடுத்து, ஒரு பத்தியை உங்களோடு உட்கார்ந்து வாசித்துக் காட்ட நம் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள். தாய்மார்களுக்குப் பெண் தன்னார்வலர்கள் தனியே சொல்லித் தருவார்கள். நல்ல நிலையில் உள்ள பழைய கைப்பேசி வீட்டில் சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள். சிம் இல்லாவிட்டாலும் அது வாசிக்கும். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வாசிப்புத் துணையாகும். அதுவும் ஒரு ஸதக்காதான்.

அதுவரை வீட்டில் ஒன்று மட்டும் செய்யுங்கள். 'படிப்பு ஏறாது' என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். இன்று இரவே ஒரு பத்தியை வாசிக்க வைத்து, "என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன் வார்த்தையில் பாடத்தைச் சொல்லிவிட்டால், அவனுக்கு எழுத்து மட்டும்தான் இன்னும் பழகவில்லை என்பது உங்களுக்கே விளங்கும். எழுத்தைப் பழக்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.